ஏழாம் அத்தியாயம் போன வழி

"ஏழாம் அத்தியாயத்தை எடுத்துடுங்க சார். நாளைக்கே அச்சுக்குப் போகலாம்" என்றார் துறைத்தலைவர்.

அச்சுச் செலவை ஏற்பதாகச் சொல்லியிருந்தது ஊரின் பழைய வங்கி. ஏழாம் அத்தியாயமோ, அதே வங்கி இருநூறு வருடங்களுக்கு முன் பேரரசின் படையெடுப்புக்குப் பணம் கொடுத்த கதை.

"அதுக்குப் பதிலா என் கையை எடுத்துக்குங்க" என்றார் பேராசிரியர்.

பேரரசுகளின் கடனையும் வட்டியையும் பற்றி நாற்பது வருடமாக எழுதுபவர். முந்தைய ஐந்து புத்தகங்களும் போணியாகாமல் வீட்டுக் கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. இந்த ஆறாவதுதான் அவருக்கு உயிர். அதிலும் ஏழாம் அத்தியாயம் உயிர்நாடி.

துறைத்தலைவர் கெஞ்சியதால் வங்கியின் பெயரை மட்டும் அடித்துவிட்டு, 'இருநூறு வயதான ஒரு வங்கி' என்று எழுதினார். அந்த வயதில் ஊரில் இருந்ததே ஒரு வங்கிதான். மறுநாளே உதவி நின்றது. முன்பணம் வந்தால்தான் இயந்திரம் ஓடும் என்று அச்சகமும் கையை விரித்தது.

"நானே அச்சடிக்கிறேன். எவன் தடுக்கறான்னு பார்க்கிறேன்" என்று முழங்கிவிட்டு, புதிதாகத் திறந்திருந்த ஒரு கடன் நிறுவனத்துக்குப் போய்ப் பத்திரத்தோடு வந்தார். மக்கிப்போன பத்திரங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தே பேர் வாங்கிய மனிதர், தன் பத்திரத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கல்லூரி நூலகத்தை முப்பது வருடம் கட்டி மேய்த்த மனைவிதான் அதை மூன்று முறை படித்தாள்.

புத்தகம் அச்சாகி வீட்டுக்கு வந்தது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. வெளியீட்டு விழாவில் யாரையெல்லாம் கிழிப்பது என்று ஒரு வாரம் பேச்சு எழுதினார். மனைவி தினமும் தபால் நிலையம் போய்வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

எட்டாம் நாள் கடன் அதிகாரி வேனோடு வந்தார். கடன் தீரும்வரை அச்சான பிரதிகள் அடமானமாக நிறுவனத்தின் கிடங்கில் இருக்க வேண்டுமாம். பதினான்காவது விதி. ஆட்கள் கூடத்திலிருந்த பெட்டிகளை ஏற்றத் தொடங்கினார்கள்.

"இது எந்த ஊர் நியாயம்?" என்று பேராசிரியர் வாசலை மறித்து நின்றார். "எனக்கும் அந்த வங்கிக்கும்தானே சண்டை. நடுவுல நீங்க யாரு?"

"நாங்க அந்த வங்கியோட கிளை நிறுவனம்தான் சார்" என்றார் அதிகாரி பணிவாக. "எதிரியை மடக்கணும்னா அவனுக்கே கடன் கொடுக்கறதுதான் எங்க பழைய வழக்கம்னு ஏழாம் அத்தியாயத்துல நீங்களே எழுதியிருக்கீங்களே."

பேராசிரியர் படியில் உட்கார்ந்தார். நாற்பது வருட உழைப்பு கண்ணெதிரே வேனில் ஏறியது. வேன் தெருமுனை திரும்பும்வரை மனைவி வாசலில் நின்று பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஆள் அத்தியாயத்தைப் பாதியோட நிறுத்திட்டார்போல. அடமானப் பெட்டியில கூழாங்கல்லை நிரப்பிக் கொடுத்த ராணி கடைசிப் பக்கத்துலதானே வர்றா? புதுப் புத்தகமெல்லாம் முந்நூறு நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. நீங்க எழுந்துபோய்க் கட்டிலுக்கடியில பாருங்க, இன்னிக்குத்தான் பெருக்க இடம் கிடைச்சிருக்கு."