தொட்டிக்குள் மூன்று பேர்

"உள்ள ஆள் இருக்கான்," என்றான் ரூபேந்திரன்.

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக்கூடாதோ என்று தோன்றியது. மணி பதினொன்று இருபது. பன்னிரண்டு மணிக்கு அந்தத் தொட்டிக்குள் கொதிக்கும் நீராவியைத் திறந்துவிடப் போகிறார்கள்.

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் சமையல் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை அது. மூன்று மாடி உயரத் தொட்டியைக் கழுவி முடித்தாயிற்று. ஆள் நுழையும் வட்ட வாசலை மூடி, போல்ட்டுகளை முடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, புதிதாக வந்த வெப்பக் கேமராவை ரூபேந்திரன் சும்மா ஒருமுறை தொட்டியின் பக்கம் திருப்பினான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது.

வெளிச்சத்தை விட்டுவிட்டுச் சூட்டைப் பார்க்கும் கேமரா அது. தொட்டிக்குள் எண்ணெய் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைக்கூட, சுவரின் சூட்டை வைத்து வெளியிலிருந்தே காட்டிவிடும். இப்போது அது எவர்சில்வர் சுவரில் மஞ்சள் நிறத்தில் ஒரு மனிதனைக் காட்டியது.

பாதுகாப்பு அதிகாரி ஜஹானாரா ஓடி வந்தாள். "எங்க?"

"சுவர்ல சாஞ்சு நிக்கிறான். நான் கிட்ட போனா அவனும் கிட்ட வரான், பாருங்க."

ரூபேந்திரன் சுவரைத் தட்டினான். திரையிலிருந்தவனும் கையை ஓங்கித் தட்டினான்.

"உதவி கேக்குறான்," என்றான்.

உள்ளே ஆள் இருந்து, தான் வாயை மூடிக்கொண்டால் ஓர் உயிர் வெந்துபோகும். ஆள் இல்லாமல் தான் வாயைத் திறந்திருந்தால் தன் வேலை வெந்துபோகும். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரமாக்கவில்லை. போதாக்குறைக்கு, இந்தக் கேமரா வந்தே ஆகவேண்டும் என்று மானேஜரிடம் மல்லுக்கட்டியவனும் அவன்தான்.

"ஆவிய நிறுத்தச் சொல்லுங்க," என்றான்.

மண்டோர் ராஜசேகரனை அழைத்தார்கள். கழுவும் ஆட்களை மேய்ப்பவர் அவர். வயிறு இடம் கொடுக்காததால், மூன்று நாளில் வட்ட வாசலுக்குள் தலையைக்கூட விடாதவர். அவருடைய ஆட்கள் பெக்கோக், தங்காக் என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து அன்றாடக் கூலிக்கு வந்தவர்கள்; ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது.

"உள்ள இறங்குனவங்க அட்டை என்கிட்ட ஏழு இருக்கு," என்றாள் ஜஹானாரா.

மண்டோர் ஆட்களை வேலியோரம் நிறுத்தி, விரல் நீட்டி எண்ணினார். ஆறு. மறுபடி எண்ணினார். அப்போதும் ஆறுதான்.

"அண்ணே, நீங்க உங்கள எண்ணுனீங்களா?" என்று ஜஹானாரா கேட்டாள்.

"அலமாக். என்னைய விட்டுட்டேன் லா." மண்டோர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அப்ப ஏழு. சரியாப் போச்சு."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. ரூபேந்திரனுக்கு மட்டும் வரவில்லை. திரையில் அந்த மஞ்சள் மனிதன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"நான் உள்ள போய் பாத்துட்டு வந்துடுறேன்."

"உள்ள இறங்குற பெர்மிட் பதினோரு மணியோட முடிஞ்சது," என்றாள் ஜஹானாரா. " புதுசா எடுக்க ஒரு மணி நேரம் ஆகும்."

"அதுக்குள்ள உள்ள இருக்கிறவன் என்ன ஆவான்?"

"வாசல்ல நின்னு டார்ச் அடிக்கலாம். தலை உள்ள போகக்கூடாது. ரூல்."

டார்ச் அடித்தார்கள். பாதித் தொட்டி தெரிந்தது. மீதிப் பாதியைத் தடுப்புத் தகடு மறைத்தது. "யாரு உள்ள?" என்று ரூபேந்திரன் கத்தினான். தொட்டிக்குள் காற்று ஊதும் இயந்திரத்தின் இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

ஜஹானாரா கேமராவை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"பொம்பள மாதிரியில்ல இருக்கு. தலையில முக்காடு போட்டிருக்கு."

"நான் பாத்தது ஆம்பள."

"அப்ப ரெண்டு பேரா?"

மண்டோர் கேமராவைப் பிடுங்கினார். திரையைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மூணாவதா ஒருத்தரு நிக்கிறாரு. பெரிய உருவம். நல்ல தொப்பை. இது ஆள் இல்ல தம்பி, முனியாண்டி. மூணு நாளா அவரு வாசல்ல வேலை பாக்குறோம். ஒரு சூடம் காட்டுனோமா?"

வேலிக்கு அந்தப் பக்கம் முனியாண்டி கோயில் இருந்தது. இந்தப் பக்கம் அந்தக் காற்று ஊதும் இயந்திரம்.

"ஆலைக்குள்ள நெருப்பு கூடாது," என்றாள் ஜஹானாரா.

"சாமி வேலிக்கு வெளியதான இருக்காரு."

அதற்கு ரூல் புத்தகத்தில் பதில் இல்லை. மண்டோர் கோயிலுக்குப் போய்த் தணலை மூட்டி, ஒரு பொட்டலம் சாம்பிராணியை அப்படியே கொட்டினார். எழுந்த புகை மேலே போகாமல் வேலிக்கு இந்தப் பக்கம் சாய்ந்தது. இயந்திரம் அதை வஞ்சனையில்லாமல் இழுத்துத் தொட்டிக்குள் ஊதியது. சிறிது நேரத்தில் வட்ட வாசல் வழியாகப் புகை வந்தது.

"டேங்க் எரியுது," என்று யாரோ சொல்ல, வேறு யாரோ தீ மணியை அழுத்திவிட்டார்கள். இருநூறு பேர் தொட்டிக்கு எதிரே இருந்த திடலுக்கு வந்து நின்றார்கள்.

மானேஜர் திவாகரன் காதில் போனோடு வந்தார். மறுமுனையில் சிங்கப்பூர் தலைமையகம்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"நான்தான் பாஸ். உள்ள ஆள் இருக்கு. மூணு பேர். ஒரு ஆம்பள, முக்காடு போட்ட ஒரு பொம்பள, தொப்பையோட ஒருத்தர். அவரு சாமியா இருக்கலாம்னு..." வாக்கியத்தை முடிக்க ரூபேந்திரனுக்குத் தைரியம் வரவில்லை.

திவாகரன் ஒரு கையால் கேமராவை வாங்கிப் பார்த்தார்.

"உள்ள இருக்கிறவன் போன் பேசுறான்."

"பேசுறானா பாஸ்?"

"நானும் பேசுறேன்."

அவர் ஒரு காலைத் தூக்கினார். திரையிலிருந்தவனும் தூக்கினான்.

"எவர்சில்வர் பளபளன்னு இருந்தா சூட்டையும் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். நீ பாத்தது உன்னைய. ஜஹானாரா பாத்தது அவங்க முக்காட்ட. தொப்பை யாருதுன்னு நான் சொல்ல வேணாம். இதக்கூட காலேஜ்ல சொல்லித் தரலையா?"

இருநூறு பேரும் சிரித்தார்கள். அவமானத்தில் ரூபேந்திரனுக்குக் காது சுட்டது. இப்போது கேமராவைத் திருப்பியிருந்தால் காது மட்டும் தனியாகத் தெரிந்திருக்கும்.

"நாளைக்கு காலைல என் ரூமுக்கு வா. கேமராவையும் எடுத்துட்டு வா," என்ற திவாகரன், ஆட்களிடம் திரும்பினார். "மூடுங்க. பன்னண்டுக்கு ஆவி திறக்கணும்."

காற்று ஊதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு பேர் வட்டக் கதவைத் தள்ளினார்கள். கீல் முனகியது. கதவு முக்கால்வாசி மூடியிருந்தபோது உள்ளே ஒரு தும்மல் கேட்டது.

கதவு நின்றது. சிரிப்பும் நின்றது. திவாகரன் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

தொடர்ந்து இருமல். பிறகு தடுப்புத் தகட்டின் பின்னாலிருந்து யாரோ தவழ்ந்து வரும் ஓசை. புகையோடு ஒரு தலை வெளியே நீண்டது. மண்டோர் தன்னை எண்ணி நிரப்பிய ஏழாவது அட்டையின் உண்மைச் சொந்தக்காரனான கனகராஜ், சிவந்த கண்களைக் கசக்கிக்கொண்டு எல்லோரையும் முறைத்துப் பார்த்தான்.

"யாருண்ணே சாம்பிராணி போட்டது? மனுஷன் நிம்மதியா தூங்க முடியல."