வெள்வேல மரம் செய்த குற்றம்

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, புலி இருந்தது என்று கேட்டுப் பழகியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கம்பு விளைகிற கம்பங்காடு. இங்கே ராஜா யாரும் கிடையாது. செங்கோடன் என்றொரு கரடி, அதன் மனைவி பாவாயி, காட்டின் நட்டநடுவில் ஒரு வெள்வேல மரம். அவ்வளவுதான்.

செங்கோடன் கடும் உழைப்பாளி. ஊரெல்லாம் அதுவே போய்ச் சொல்லி வைத்திருந்தது. விடிந்ததும் களை பிடுங்கும். மத்தியானம் கிளிகள் கதிரைக் கொத்தாமல் மரத்தடியில் காவல் காக்கும். கண்ணை மூடிக்கொண்டு காவல் காப்பது அதன் வழக்கம். குறட்டைச் சத்தத்துக்கு எந்தக் கிளி கிட்டே வரும் என்பது கரடியின் வாதம்.

குறை ஒன்றே ஒன்றுதான். அடிமரம் வரைக்கும் விதைத்தும் மரத்தடியில் மட்டும் கம்பு தேறவே இல்லை. சுற்றிலும் பயிர் ஆள் உயரம் நின்றது. மரத்தைச் சுற்றி மட்டும் படுத்துக் கிடந்தது. போன வருஷமும் குதிர் நிறையவில்லை.

"ஏனுங்க, இந்த வருசமும் கம்பு பத்துலீன்னா கோடைக்கு நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவனுங்க," என்றது பாவாயி. "நீங்களும் வாங்க. கஞ்சி ஊத்துவாங்க."

மச்சான் ஊற்றுகிற கஞ்சியில் உப்பைவிடக் குத்தல் பேச்சு அதிகம். கரடி உடனே மகசூல் ஆராய்கிற கொக்குக்கு ஆள் அனுப்பியது.

கொக்கு ஒரு கருவியோடும் நாலைந்து உதவியாளர்களோடும் வந்து இறங்கியது. கருவி வெயில் தாங்காதாம். அதனால் எல்லாரும் மரத்தடியிலேயே வசதியாக உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவி, சற்றுச் சாய்ந்து எழுந்த பிறகு அளந்தார்கள்.

"மரத்தடியில மகசூல் ரொம்பக் குறைவு," என்றது கொக்கு, மடிந்த கம்பின் மேல் உட்கார்ந்தபடி. "நிழல் வெளிச்சத்தை மறைக்குது. வேர் தண்ணியை இழுக்குது. ஆனா உதிர்ற இலை மண்ணுக்கு உரம். சுடுகாத்தையும் மரம் தடுக்குது."

"அப்ப வெட்டறதுங்களா, வேண்டாமுங்களா?"

"இன்னும் ஆராயணும்."

"சரிங்க சார், பயிர் இப்படிப் படுத்துக் கெடக்குதே, அது எதனாலீங்க?"

"அதுவா? அது மரத்தோட பாதிப்பு," என்று சொல்லிவிட்டுக் கொக்கு இறகில் ஒட்டிய கம்பந்தாளைத் தட்டிவிட்டுக்கொண்டு கிளம்பியது.

அந்த அறுவடையும் அரைக் குதிரோடு நின்றது. கரடி கோடரியை எடுத்தது. எத்தனை மத்தியானம் படுத்த நிழல்! ஆனாலும் மச்சான் முகம் கண்முன் வந்ததால் கை நிற்கவில்லை.

அடுத்த மழைக்கு விதைத்தபோது மரம் நின்ற இடத்தில்தான் கம்பு எல்லா இடத்தையும்விடச் செழித்தது. வருஷக்கணக்காக விழுந்து மக்கிய இலை அங்கேதானே கிடந்தது. "மரந்தான் திருடன்னு நான் அப்பவே சொன்னேன்," என்று கரடி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது. மத்தியானக் காவலை மட்டும் பக்கத்துக் காட்டு வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டது. அது முள்ளம்பன்றி காளியண்ணனின் காடு.

கதிர் முற்றுகிற சமயம். ஒருநாள் மத்தியானம் காளியண்ணன் கோடரியோடு வந்தது.

"படுத்திருங்க பங்காளி, எந்திரிக்காதீங்க," என்றது அது. "இந்த வேம்பு இத்தன வருசமாப் பயிரை ஒண்ணும் பண்ணுனதில்லீங்க. இந்த வருசம் பாருங்க, அடியில எல்லாமே படுத்துப்போச்சு. கோடைக்கு எம்பட புள்ளைகளுக்குக் கூழுக்கே வழியில்ல. வெட்டிப் போட்டாச் சரியாயிருமுங்களா?"

மரியாதைக்காகக் கரடி எழுந்து நின்றது. எழுந்த இடத்தைத் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தது. கம்பு மடிந்து ஒரு பள்ளம் இருந்தது. தலை இருந்த இடம் சின்னது, தொப்பை இருந்த இடம் பெரியது, புரண்ட இடம் அதைவிடப் பெரியது. தன் காட்டில் மரத்தடியில் கிடந்ததும் அச்சு அசல் இதே பள்ளம்தான்.

கரடியை வெட்கம் பிடுங்கித் தின்றது. 'காவல் காக்கிற மூஞ்சியைப் பாரு. கிளிகளை விட்டிருந்தாக்கூட இவ்வளவு தின்னிருக்காது' என்று தன்னையே ஏசிக்கொண்டது. ஒரு பாவமும் அறியாத மரத்தை வெட்டியாயிற்று. இதையாவது காப்பாற்ற உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தது.

சொன்னால் மரம் பிழைக்கும். காளியண்ணனின் பிள்ளைகளும் பிழைக்கும். ஆனால் நாளையிலிருந்து கரடியை யாரும் மரத்தடியில் அண்டவிட மாட்டார்கள். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

"வெட்டறதாவதுங்க பங்காளி, பாவமில்லீங்களா?" என்றது கரடி. குரல் தானாகவே தழுதழுத்தது. "எலை உரமாச்சு, சுடுகாத்துக்குத் தடுப்பாச்சு. நான் வெட்டிப்போட்டு இன்னைக்கு வரைக்கும் மனசு ஆறுலீங்க. அடியில கொஞ்சம் போனாப் போகுது, மரம் இருக்கட்டும்."

காளியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இப்படி ஒரு நல்ல மனசா என்று கரடியைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகளுக்குக் கிழங்கு தோண்டப் போனது. கரடி கால் நீட்டுகிற பக்கம் உறுத்திக்கொண்டிருந்த கம்பையும் மடித்துவிட்டு, காவலைத் தொடர்ந்தது.

நீதி: மரமில்லாமல் விவசாயம் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் பக்கத்துக் காட்டில் ஒரு மரத்தையாவது காப்பாற்றுவோம்.