என் பக்கத்து ஸ்பிரிங்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகமாக இல்லை. இதைப் படித்து முடித்தபின் நீயும் சுகமாக இருக்க மாட்டாய், இருக்கவும் கூடாது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் டிவியைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டுவாய், என்ன நிகழ்ச்சி ஓடுகிறது என்பதுகூட எனக்கு இங்கே கேட்கும். ஆகையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளத்தான், அது எனக்கு மறக்கவில்லை.

விஷயம் நம் காரைப் பற்றி. உன் அத்தான் வாங்கிய அதே சாம்பல் நிறக் கார்தான், அவர் போனபின் என் மகன் ஓட்டுகிறான். யார் ஓட்டினாலும் பின்சீட்டில் இடது ஜன்னலோரம் என் இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வரை போய்த் திரும்புவான். வீட்டில் அவன் என்னிடம் பேசுவதெல்லாம் "சாப்டியா", "மாத்திரை போட்டியா", அதுவும் போனைப் பார்த்துக்கொண்டே. காரில் ஏறிவிட்டால் கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருக்கும், வேறு வழியில்லாமல் என்னிடம் பேசுவான். மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியை என் முகம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டு ஆபீஸ் கதை, மேனேஜர் கதை எல்லாம் சொல்வான். வாரத்தில் எனக்கு மகன் என்று ஒருத்தன் இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். அதற்குத்தான் இப்போது வேட்டு வைத்திருக்கிறார்கள்.

எப்படி ஆரம்பித்தது என்றால், போனில் எவனோ மலைப்பாதையில் கார் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு இவனுக்கு நம் கார் பிடிக்காமல் போய்விட்டது. "திருப்பத்துல படகு மாதிரி சாயுதும்மா, பிடிமானமே இல்ல. ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் எல்லாம் நல்லதா மாத்திட்டா ரோட்டை அப்படியே கவ்விக்கிட்டுப் போகும்" என்றான். ரோட்டை எதற்கடா கவ்வணும், அதன் மேலே போனால் போதாதா என்று கேட்டேன். உன் அத்தான் ஓட்டினபோது சாயவே இல்லையே என்றும் கேட்டேன். அதற்கு மருமகள் சமையலறையிலிருந்தே, "மாமா ஓட்டினப்போ சைக்கிள்காரன்லாம் நம்மளைத் தாண்டிப் போனான், அப்புறம் எப்படி அத்தை சாயும்" என்கிறாள். செத்தவரைப் பேசின பேச்சு அது. அன்றைக்கு அவள் என்ன புடவை கட்டியிருந்தாள் என்பது உட்பட ஞாபகம் வைத்திருக்கிறேன்.

ஒர்க் ஷாப்பில், வழக்கமாக யார் யார் காரில் போவோமோ அத்தனை பேரும் வரவேண்டும், ஆளை உட்காரவைத்து வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் ஸ்பிரிங் சொல்ல முடியும் என்றார்களாம். போனோம். மகன், மருமகள், பேத்தி, நான். அந்த மெக்கானிக் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆள் ஏறாத காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, சுவரில் மாட்டிய படம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது போலப் பார்த்தான். "சார், பின்னாடி இடது பக்கம் ரொம்ப உக்காந்து போச்சே. அங்க யார் உக்காருவாங்க?"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். டயர் உருட்டிக்கொண்டிருந்தவன் உருட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "அம்மாதான்" என்றான் நான் பெற்றவன்.

இத்தனை வருஷமாக அந்த டிக்கியில் ஏறாதது என்ன இருக்கிறது தம்பி? நீ வீடு மாறினபோது உன் இரும்புப் பெட்டிகளைச் சுமந்தது அந்த ஸ்பிரிங்தானே? ஸ்பிரிங் இறங்கினதையெல்லாம் என் உடம்பின்மேல் போட்டுவிட்டார்கள். அதோடு விட்டானா? "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, உங்க வெயிட் எவ்ளோ?" என்கிறான். "உங்கம்மா வெயிட்டைக் கேட்டுட்டு வாப்பா, அப்புறம் நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, காரில் உட்கார மாட்டேன் என்று வெளியே வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதன் கால் வளைந்தது. அது முன்னாடியே வளைந்த நாற்காலி.

அங்கேயிருந்து நான் பார்த்ததை என் விரோதியும் பார்க்கக் கூடாது. என் இடத்தில் ஒரு மணல் மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள். என் மகன் எட்டி நின்று என்னை ஒருமுறை பார்த்தான், மூட்டையை ஒருமுறை பார்த்தான். "இன்னொண்ணு வைங்க" என்றான். அதுவும் வந்தது. மருமகள் அவன் காதில் என்னவோ சொன்னாள். அதன்மேல் ஒரு அரை மூட்டை வந்தது. சரியாமல் இருக்க சீட் பெல்ட்டையும் போட்டுவிட்டார்கள். எனக்கு ஒருநாளாவது எவனாவது பெல்ட் போட்டுவிட்டிருக்கிறானா? நான் எழுந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் கார் வந்தது. நாலு பக்கமும் புதுசு, என் பக்கத்துக்கு மட்டும் இன்னும் கெட்டியாகத் தனி ஸ்பிரிங். ஆள் இல்லாமல் நிறுத்தினால் அந்த ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. "பாட்டி, நாய் கம்பத்தைப் பார்த்த மாதிரி நிக்குது நம்ம கார்" என்றாள் பேத்தி. எதிர்வீட்டு டீச்சர் மாடியிலிருந்து சிரித்தாள், அவளுக்கும் ஒருநாள் இருக்கிறது. "நீ உக்காந்தா சரியாயிடும்மா, உன் அளவுக்குத்தானே போட்டிருக்கு" என்றான் மகன். பழைய ஸ்பிரிங் திரும்ப ஏறுகிற வரைக்கும் நான் இந்தக் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பழசை எல்லாம் கேட்டு வாங்கி என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் இரண்டு தடவை கெஞ்சினான். மூன்றாம் தடவைக்கு வரட்டும் என்று நல்ல புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் வரவில்லை. சம்பந்தியம்மாள் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று வந்து இங்கே தங்கியிருக்கிறாள் அல்லவா, "எங்கம்மா சும்மாதானே இருக்காங்க, அவங்க போகட்டுமே" என்றாளாம் மருமகள். "எனக்கென்ன, ஒரு மூலையில ஒட்டிக்கிறேன்" என்று அவள் போய் உட்கார்ந்த மூலை எது தெரியுமா? என் மூலை. ஊதினால் பறக்கிற உடம்பு, கார் இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் கையை உயர்த்தி அந்தச் சின்னக் கண்ணாடியை அவள் முகத்துக்குத் திருப்பி வைத்தான்.

திரும்பி வந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள், ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை. "மாப்பிள்ளை எவ்ளோ நல்லாப் பேசறாரு சம்பந்தி. அந்த மேனேஜர் மாட்டிக்கிட்ட கதை இருக்கே, உங்களுக்குத்தான் தெரியுமே" என்கிறாள். எனக்குத் தெரியாது. அந்த மேனேஜர் கதையைப் பாதியில் விட்டிருந்தான், மீதியை என்னிடம்தான் சொல்ல வேண்டும். "தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நீ அவனுக்குத் தாய்மாமன். கிளம்பி வா. வந்து, பழைய ஸ்பிரிங்கை மாட்டு, அக்காவை அவள் இடத்தில் உட்காரவை என்று ஒரு அதட்டல் போடு. என் கல்யாணம் முடிந்து புறப்பட்ட காரில் என்னை நடுவில் தள்ளிவிட்டு ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நீ. அதற்கு ஈடு செய்ய இதைவிட நல்ல சமயம் வராது.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. போன தடவை எடுத்துப்போன என் எவர்சில்வர் டப்பா நினைவிருக்கிறதா என்று கேள். பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்க ஆசீர்வாதம். உனக்கான ஆசீர்வாதம் நீ வந்து சேர்ந்தபின்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா

பின்குறிப்பு: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் மூன்று நாளாக அலமாரியில் கிடந்தது. அதற்குள் இன்னொரு ஞாயிறு வந்து போய்விட்டது. ஏரிக்கரை ரோட்டை யாரோ தோண்டிப் போட்டிருக்கிறார்கள். சம்பந்தியம்மாள் என் மூலையில் உட்கார்ந்து போய், தலை கூரையில் இடித்து, பாதி வழியில் திரும்பி வந்தாள். "அந்த ஸ்பிரிங் எங்கம்மா வெயிட்டுக்குப் போட்டது அத்தை, உங்களைத் தூக்கித்தான் போடும்" என்று மகன் வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். இனி உயிர் போனாலும் இந்தக் காரில் ஏற மாட்டாளாம். உண்மைதானா என்று பார்க்க மட்டும் நான் போய் உட்கார்ந்தேன். கார் அப்படியே இறங்கியது. கொஞ்சம் தூக்கலாக இருந்தது என்று சொல்ல வேண்டும், குடையையும் பையையும் மடியில் வைத்ததும் நேரானது. திருப்பத்தில் துளி சாயவில்லை. மேனேஜர் கதையின் முடிவு தெரிந்துவிட்டது, உனக்குச் சொல்ல மாட்டேன். கட்டிலுக்கு அடியில் இருந்ததைப் பழைய சாமான்காரனிடம் போட்டாயிற்று. ஆகையால் நீ வரவேண்டாம், வந்தால் முன்சீட்டில் உட்கார்ந்துகொள். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அவருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?