கோவாத் தொழிற்சாலையில் ஒரு செனற்றர்

அமெரிக்காவில் ஒரு சட்டம் எங்கே பிறக்கும், எந்தெந்தக் கதவில் முட்டும், எந்த மேசையில் செத்துப்போகும் என்பது பற்றி எங்கள் செனற்றருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட அந்த நாட்டு ஜனாதிபதிகள் பலருக்குத் தெரிந்திருக்காது. இதை நான் எந்தச் சபையிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் அவர் வேலை செய்தது வாஷிங்டனில் அல்ல. கனடாவில், ஸ்காபரோ நகரத்து வோபர்ன் பக்கம், கோவா, கரட் போன்ற மரக்கறிகளை வெட்டிப் பையில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையின் குளிர் அறையில். நானும் அங்கே மூன்று வருடம் கோவா கழுவினேன். வெளியே ஜூலை வெயில் கொளுத்தும். உள்ளே நாங்கள் பனிக்கால ஜக்கெற்றோடு நடுங்குவோம்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பளம் போடுகிறவர்களுக்கு அது தெரியும். எங்களுக்கு அவர் செனற்றர்.

சாப்பாட்டு நேரத்தில் ஆம்பிளைகள் ஒரு மூலையில் கிரிக்கெட் பார்ப்பார்கள். செனற்றர் தன் சோற்றுப் பெட்டியில் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்து அமெரிக்கக் காங்கிரஸைப் பார்ப்பார். பெரும்பாலும் ஒரு வெறும் மண்டபம். நடுவில் கோட்டுப் போட்ட ஒருவர் கதிரைகளைப் பார்த்து ஆவேசமாகப் பேசிக்கொண்டிருப்பார்.

“ஆரப்பா உவன்? ஒரு சனமில்லாத இடத்தில நிண்டு கத்துறான்?” என்று கரட் வெட்டும் பகுதியின் புனிதம் அன்ரி கேட்டார்.

“கத்தேல்லை, புனிதம். பதிவில ஏத்துறான். நாளைக்கு அச்சில வரும்.”

“கேக்க ஆளில்லாட்டி என்னத்துக்குக் கதைப்பான்?”

“நீர் வீட்டில கதைக்கிறதில்லையே?”

புனிதம் அன்ரி மூன்று நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த மனிதருக்குத் தன் சொந்தத் தொகுதியின் நகரசபை உறுப்பினர் யார் என்றுகூடத் தெரியாது. நான் கேட்டே விட்டேன். “அண்ணை, நீங்கள் கனேடியன் சிற்றிசன். உங்களுக்கேன் அமெரிக்கா?”

“இஞ்ச பிரதமர் பார்லிமென்றுக்குள்ளயே இருக்கிறார், தங்கச்சி. தன்ர ஆக்களைப் பாத்துக் கையைத் தூக்கச் சொன்னா அலுவல் முடிஞ்சுது. அங்க ஜனாதிபதிக்கு உள்ளுக்க ஒரு கதிரை கிடையாது. சட்டம் எழுதுறவன் வேற, நடத்துறவன் வேற. அவன் எழுதினால் இவன் கையெழுத்து வைக்கவேணும். பத்து நாளுக்குள்ள வைக்கமாட்டன் எண்டு திருப்பி அனுப்பினா, அவங்கள் ரெண்டு சபையிலயும் மூண்டில ரெண்டு பங்கு சேர்ந்து இவனை மீறலாம். ஞாயிற்றுக்கிழமை கணக்கில்லை.”

ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும், அந்த விதியைத் தானே எழுதியது போல.

எங்கள் சாப்பாட்டு அறையில் ஒரே ஒரு மைக்ரோவேவ். மீன்குழம்பு மணம் தாங்கவில்லை என்று மற்ற நாட்டுக்காரர்கள் முறைப்பட்டபோது, ஒரு மணிக்கு முன் மீன் சூடாக்கக்கூடாது என்று விதி வைக்கலாமென யாரோ சொன்னார்கள். ஐந்து நிமிட வேலை. செனற்றர் அதை ஆறு கிழமை இழுத்தார். முதலில் குழு, பிறகு உபகுழு. வெட்டும் பகுதி பிரதிநிதிகள் சபை, அடைக்கும் பகுதி செனற் சபை. வெட்டும் பகுதியில் ஒரே நாளில் நிறைவேறியது. மறுநாள், மீன் இல்லாமல் சோறு இறங்காத புனிதம் அன்ரி தன்னை அடைக்கும் பகுதிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கினார். அங்கே எழுந்து நிற்கிறவர் விரும்பும்வரை பேசலாம், நூறுக்கு அறுபது பேர் சேர்ந்தால்தான் வாயை மூடவைக்கலாம் என்று செனற்றரே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அன்ரி நாலு நாள், சாப்பாட்டு நேரம் முழுக்க, தன் மகளின் கலியாண மண்டபத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். ஐந்தாம் நாள் தொண்டை கட்டியது. விதி நிறைவேறியது.

எங்கள் போர்த்துக்கீச சுப்பவைசர் கையெழுத்து வைக்கவேண்டிய தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டார். அடுத்த நாள் காலை தானே ஒரு அறிவித்தல் ஒட்டினார்: எந்த நேரத்திலும் மீன் இல்லை.

நாங்கள் கொதித்தோம். செனற்றர் மட்டும் அந்த அறிவித்தலைத் தடவிப் பார்த்தார்.

“பாத்தியளோ? உதுதான் நிறைவேற்று ஆணை. ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை. ஒரு பேனை போதும்.”

போன வருடம் கோடை தொடங்கும்போது அவர் காங்கிரஸ் பார்ப்பதை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு நேரம் முழுக்கத் தொலைபேசியில் நிற்கத் தொடங்கினார். அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு, பட்டியல் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக அழைப்பு எடுத்தார். ஒவ்வொரு இடத்திலும் முதல் கேள்வி நீங்கள் எங்கள் தொகுதிக்காரரா என்பதுதான். அடுத்த நிமிடம் தொடர்பு முடிந்துவிடும்.

ஒருநாள் எதிர்ப்பக்கத்துப் பெண்ணிடம் “ஸ்காபரோ” என்றார். அமெரிக்காவில் மெயின் மாநிலத்திலும் ஒரு ஸ்காபரோ இருக்கிறதாம். அந்தப் பெண் மகிழ்ச்சியோடு, மெயினா என்று கேட்டாள். செனற்றர் எங்களைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு “யெஸ்” என்றார். தபால் குறியீட்டைக் கேட்டாள். “எம் ஒன் பீ...” என்று தன் வீடு இருக்கும் மல்வேர்னின் குறியீட்டை ஒழுங்காகச் சொன்னார். அமெரிக்கக் குறியீட்டில் ஐந்து இலக்கம், எழுத்தே கிடையாது.

“என்னண்ணை சொன்னவள்?”

“குட்லக் எண்டு சொல்லி வச்சிட்டுது பிள்ளை.”

நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அவர் பட்டியலில் அந்தப் பெயரை வெட்டிவிட்டு அடுத்த இலக்கத்தை அழுத்தினார்.

அந்த வெள்ளிக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தங்கச்சி, ஞாயிறு உம்மட காரில என்னை அமெரிக்காவுக்குள்ள, பஃபலோவுக்கு அங்கால கொண்டுபோவீரோ? எனக்குப் பெருந்தெருவில கார் ஓடப் பயம்.”

காரில்தான் கதை வெளியே வந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் அவரும் தம்பியும் ஒன்றாகத்தான் இலங்கையிலிருந்து அமெரிக்கா வழியாகக் கனடாவுக்குப் புறப்பட்டு வந்தார்கள். இவர் எல்லை கடந்துவிட்டார். தம்பி பிடிபட்டார். அங்கேயே அகதி வழக்கு நடந்து, தோற்று, அதற்கிடையில் பெற்றோல் நிலையத்தில் வேலை, கலியாணம், ஒரு மகள். அந்த ஊர்க் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் இரக்கப்பட்டு, தம்பிக்காகவே ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்.

“ஒரு மனிசனுக்கு ஒரு சட்டம், தங்கச்சி. ரெண்டு பக்கம். மேல என்ர தம்பியின்ர பேர். இந்த மனிசனை இஞ்ச இருக்க விடலாம் எண்டு எழுதியிருக்கு. அங்க அப்பிடி ஒரு வழி இருக்கு.”

“நிறைவேறிச்சுதோ?”

“குழுவிலயே கிடந்தது. ஒரு காங்கிரசுக்கு ஆயுள் ரெண்டு வருசம். அது முடிய, நிறைவேறாத சட்டமெல்லாம் சாகும். திரும்ப முதலிலயிருந்து கொண்டரவேணும். நாலுதரம் கொண்டந்தவர். நாலுதரமும் செத்தது.”

அது செத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அதிகாரிகள் தம்பியை அனுப்பாமல் விட்டிருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை போய்க் கையெழுத்து வைத்தால் போதும். “எழுதுறவன் எழுதேல்லை. நடத்துறவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த மூடின கண்ணுக்குள்ளதான் அவன் குடும்பம் நடத்தினவன்” என்றார். பிறகு அந்த உறுப்பினர் ஓய்வு பெற்றார். புதியவர் சட்டமூலத்தைத் தொடவில்லை. மே மாதம் கையெழுத்து வைக்கப்போன தம்பியைப் பிடித்துத் தடுப்பு நிலையத்தில் அடைத்துவிட்டார்கள்.

பாலத்தில் எல்லை அதிகாரி எங்கே போகிறோம் என்று கேட்டார். நான் உறவினரைப் பார்க்க என்றேன். அதோடு விட்டிருக்கலாம். செனற்றர் என் மடிக்கு மேலால் எட்டி, “ஒபிசர், நீங்கள் நிறைவேற்றுப் பிரிவு. நீங்களே யோசிச்சு முடிவெடுக்கிற தற்துணிபு அதிகாரம் உங்களுக்கு இருக்கு” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். காரை ஓரங்கட்டச் சொன்னார்கள். பின்பெட்டியைத் திறந்து, இருக்கைகளைத் தட்டி, எங்களைத் தனித்தனியாக விசாரித்து விடும்போது ஒரு மணித்தியாலம் போய்விட்டது. தடுப்பு நிலையத்தில் எங்களுக்கு மிஞ்சியது பதினைந்து நிமிடம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி. இந்தப் பக்கம் செனற்றர், காதில் தொலைபேசி. நான் பின்னால் நின்றேன். செனற்றர் உட்காரும்போதே தொடங்கிவிட்டார். புதிய உபகுழுத் தலைவர் யார், எந்த மாநிலம், அவர் அதிகாரிகளிடம் அறிக்கை கேட்டுக் கடிதம் எழுதினால் என்ன நடக்கும், செனற்றில் வேறு யாரைப் பிடிக்கலாம். தம்பியின் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. ஓம் அண்ணை. ஓம் அண்ணை. ஒருமுறை மட்டும் தம்பி எதையோ கேட்க வாயெடுத்தார். செனற்றர் கையைக் காட்டி நிறுத்தினார், முதலில் இதைக் கேள் என்பதுபோல. சொல்லி முடியுமுன் தொலைபேசி செத்தது. காவலாளி தம்பியின் தோளைத் தொட்டார்.

திரும்பி வரும்போது, எல்லைக்கு இந்தப் பக்கம் சென். கதரின்ஸ் நகரம் தாண்டியதும் சொன்னார்.

“தங்கச்சி, கால் மணித்தியாலம் கிடைச்சுது. நான் அவனுக்கு உபகுழு பற்றிக் கதைச்சிட்டு வாறன்.”

நான் வீதியைப் பார்த்தேன்.

“மகள் எப்பிடிப் படிக்கிறாள் எண்டும் கேக்கேல்லை. சாப்பாடு எப்பிடி எண்டும் கேக்கேல்லை. அவன் என்னவோ கேக்க வந்தவன். அதையும் கேக்க விடேல்லை.”

ஒன்பதாம் நாள் தம்பியைக் கொழும்புக்கு விமானம் ஏற்றினார்கள். மனைவியும் மகளும் அங்கேயே இருக்கிறார்கள். மகள் அமெரிக்காவில் பிறந்தவள். அவளை யாரும் அனுப்பமுடியாது.

செனற்றர் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். பெட்டியைத் திறப்பார், இரண்டு வாய் சாப்பிடுவார், மூடுவார். நான் புனிதம் அன்ரியிடம் மட்டும் விசயத்தைச் சொன்னேன். பின்னேரத்துக்குள் முழுத் தொழிற்சாலைக்கும் தெரிந்துவிட்டது. அந்த அறையில் அதற்குப் பிறகு கிரிக்கெட்டையும் சத்தம் குறைத்துத்தான் பார்த்தார்கள். ஜக்கெற் அவரது மெலிந்த தோளில் தொங்கத் தொடங்கியது.

இப்படியே ஒன்றரை மாதம். ஒருநாள் புனிதம் அன்ரி தன் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“செனற்றர், அமெரிக்காவில அரசாங்கத்தை இழுத்து மூடப்போறாங்களாம் எண்டு செய்தியில சொன்னாங்கள். அரசாங்கத்தை எப்பிடியப்பா மூடுறது? அதென்ன, கடையோ?”

அவர் நிமிரவில்லை. அன்ரி அசையவில்லை.

“எனக்கு விளங்கேல்லை. சொன்னால் என்ன, முத்தே கொட்டிடும்?”

அவர் கவிழ்த்து வைத்திருந்த தொலைபேசியை ஓரமாகத் தள்ளினார். “ஜனாதிபதி எவ்வளவு பெரிய ஆளெண்டாலும், காங்கிரஸ் ஒதுக்காமல் ஒரு சதம் செலவழிக்கேலாது, புனிதம். அதுதான் அவங்கட பிடி.”

“ஒதுக்காட்டி?”

“ஒதுக்காட்டி... இஞ்ச பாரும்.” பெட்டியைத் திறந்து சோற்றை இரண்டாகப் பிரித்தார். இது பிரதிநிதிகள் சபை, இது செனற். கிரிக்கெட் மூலையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். பிறகு இன்னொருவர். சுப்பவைசரும் கதவில் சாய்ந்து நின்று, ஒரு சொல் விளங்காமல், கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்ரி விடாமல் கேள்வி கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் இடையில் செனற்றர் தன்னையறியாமல் ஒரு வாய் அள்ளிப் போட்டார். அவர் சொன்னதில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. மணி அடித்தபோது பிரதிநிதிகள் சபையும் முடிந்திருந்தது, செனற்றும் முடிந்திருந்தது. வெறும் பெட்டியை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்ததாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.