காலஞ்சென்ற ஊசித்தட்டானின் வாரிசுகள்

உலகத்திலேயே பூச்சிக்கு வம்சாவளி எழுதிய ஒரே பத்திர எழுத்தர் எங்கள் அரூர் ரைட்டர்தான். தர்மபுரி மாவட்டத்திலேயே என்று அடக்கமாகச் சொல்லக் கூடாதா என்கிறார் என் வீட்டுக்காரர். முடியாது. ஊசித்தட்டான் இறக்கைக்கு நான்கு எல்லை எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கிய ஆள் வேறு எங்கேயாவது இருந்தால் கூட்டி வாருங்கள், என் ஜெராக்ஸ் மிஷினை அவர் பேருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அவருடைய பெயர் பலகையில் இருந்தது. யாரும் படித்ததில்லை. பத்திர ஆபீஸ் தெருவில் எல்லாருக்கும் அவர் ரைட்டர், பிற்பாடு தட்டான் ரைட்டர். ஒரே அறையை இடுப்பு உயரத்துக்குத் தட்டி வைத்துத் தடுத்து, அந்தப் பக்கம் அவர் இருந்தார், இந்தப் பக்கம் என் ஜெராக்ஸ் கடை. அதனால் அவர் பேசுவதெல்லாம் என் காதில் விழும். வேண்டாம் என்றாலும் விழும்.

பாகப்பிரிவினைக்கு வருகிற குடும்பத்தை வரிசையாக உட்கார வைத்து, யாருக்கு யார் மகன், யார் இருக்கிறார், யார் போய்விட்டார், போனவருக்கு வாரிசு உண்டா என்று துருவித் துருவிக் கேட்டுக் கட்டம் போட்டு எழுதுவார். அதுதான் வம்சாவளி. "நான் போட்ட வம்சாவளி ஒன்னுகூட கோர்ட்டுப் படி ஏறுனதில்லைம்மா" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது என்னிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். ஊரார் குடும்பம் ஏழு தலைமுறைக்குத் தலைகீழாகத் தெரியும். தன் குழம்பில் உப்புப் போட்டாயிற்றா என்பது தெரியாது.

எனக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாள் அவர்தான் என் கடையையும் பார்த்துக்கொண்டார். ஒரு பெண்ணின் மார்க் ஷீட்டை நாற்பது காப்பி எடுத்துவிட்டு, மிஷினை நிறுத்தத் தெரியாமல், கும்பிட்டுக்கொண்டு நின்றாராம்.

வினை என் கடையில்தான் ஆரம்பித்தது. ஆனி மாதக் கடைசியில் சேலத்திலிருந்து விலங்கியல் பேராசிரியை ஒருவர், தீர்த்தமலைப் பக்கம் வாங்கிய மனையைக் கிரயம் செய்ய வந்தார். காத்திருந்த நேரத்தில் ஓர் ஆங்கிலக் கட்டுரையை இரண்டு காப்பி எடுத்து, ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கு உயிரோடிருக்கிற ஊசித்தட்டான்களையும், என்றைக்கோ செத்துக் கல்லில் பதிந்து கிடக்கிறவற்றையும் ஒரே குடும்ப மரத்தில் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கட்டுரை. ஊசித்தட்டானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தட்டானுக்கு இளைத்த சொந்தம். உட்கார்ந்தால் பெரும்பாலும் இறக்கையை முதுகுக்கு மேல் மடித்து வைத்துக்கொள்ளும்.

டீ கிளாஸ் வைக்க அந்தத் தாளை எடுத்தேன். தட்டிக்கு மேலே ஒரு கை நீண்டு வந்து பிடுங்கியது.

"ஏம்மா, இது வம்சாவளியாச்சே!"

"பூச்சிங்க சார் அது."

"பூச்சியா இருந்தா என்னா? அப்பன் ஆத்தா இல்லாமயா பொறந்துச்சு? கட்டம் இருக்குது, கோடு இருக்குது. ஆனா போட்டவருக்குப் பத்திரம் எழுதிப் பழக்கமில்லை. செத்தவங்க பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போட வேணாமா?"

அடுத்த வாரம் ஆடி பிறந்தது. ஆடியில் எவரும் கிரயம் செய்ய வரமாட்டார்கள். தெருவில் மற்ற ரைட்டர்களெல்லாம் ஈ ஓட்டினார்கள். எங்கள் ரைட்டர் ஊசித்தட்டான் பிடித்தார்.

வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரங்களைப் படித்த தைரியத்தில் அந்தக் கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு படித்து முடித்தார். கல்லில் கிடைப்பது அநேகமாக இறக்கை மட்டும்தான், அதனால் இறக்கை நரம்பை வைத்துத்தான் இன்னார் இன்னார் குடும்பம் என்று சொல்ல முடியும் என்பது அவருக்குப் பிடிபட்டது. அன்றிலிருந்து, பழைய கைநாட்டுகளைப் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் ஏரி வாய்க்காலுக்குப் போய்விடுவார். இரண்டு விரலால் இறக்கையை மடித்துப் பிடித்து, பார்த்து, எழுதிக்கொண்டு, "போய்ட்டு வாங்க" என்று விட்டுவிடுவார். பத்திரம் எழுதுகிறவர்களுக்கு வருகிறவரெல்லாம் பார்ட்டி. பார்ட்டிக்கு மரியாதை குறையக் கூடாது.

அவர் எழுதியதை நான்தான் டைப் அடித்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: "மேற்படி இறக்கையின் அடிப்பக்கம் அமைந்த நாற்கோணக் கட்டம் ஒன்று. இதற்கு எல்லையாவது: கிழக்கே குறுக்கு நரம்பு, மேற்கே இறக்கைக் காம்பு, வடக்கிலும் தெற்கிலும் நீள நரம்புகள். இதன் மத்தியில் உள்ள காலி மனை." ஊசித்தட்டானுக்கு இந்த இடத்தில் நாலு மூலைக் கட்டம் இருக்குமாம், பெரிய தட்டானுக்கு முக்கோணமாம். "மூனு மூலை மனைய எவன் வாங்குவான்? அதான் தட்டானை இதுல சேக்கலை" என்றார்.

இத்தோடு விட்டாரா? ஒவ்வொரு பார்ட்டிக்கும் இரண்டு சாட்சி வேண்டும் என்றார். நானும் எதிர்க்கடை டீ மாஸ்டரும் வேலையை விட்டுவிட்டு வாய்க்காலுக்குப் போய், ஒரு நாணல் தண்டில் நீல வால் ஊசித்தட்டான் ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"சாட்சி போடறன் சார். பார்ட்டிக்கு ஆதார் இருக்குதுங்களா?" என்றார் டீ மாஸ்டர்.

"கிண்டல் பண்ணாதீங்க. பார்ட்டி கோச்சிக்கிட்டுப் பறந்துரும்."

ஒரு நாள் பரபரப்பாக ஓடி வந்தார். எவனோ யார் வீட்டுப் பெண்ணையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று நினைத்தேன். அவ்வளவு முகமாற்றம்.

"ஏம்மா, விஷயம் தெரியுமா? நூல் மாதிரி வால் வச்ச ஒரு கூட்டம் நம்ம பக்கமும் இருக்குது, அமெரிக்காவுலயும் இருக்குது. பாக்க அண்ணன் தம்பி மாதிரியே இருக்கறதால ரெண்டையும் ஒரே ரேஷன் கார்டுல வச்சிருந்திருக்காங்க. ரத்தத்தைச் சோதிச்சா, அவங்க வேற வூடு, நம்மாளுங்க வேற வூடு!"

"அதுக்கு இப்ப என்னாங்க?"

"என்னாங்கன்னு சாதாரணமா கேக்கறியே! மூஞ்சியப் பாத்துப் பங்காளின்னு எழுதுனா எத்தனை பத்திரம் கெட்டுப் போவும்!"

ஆடி முடிவதற்குள் வம்சாவளி எட்டுத் தாள் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. அவர் பக்கத்துச் சுவர் போதாமல் தட்டியைத் தாண்டி என் பக்கத்துக்கு வந்து, மிஷின் தலைக்கு மேல் தொங்கியது. உயிரோடிருப்பவை எல்லாம் கீழே நீல மையில். கல்லில் கிடைத்தவை மேலே சிவப்பு மையில், ஒவ்வொன்றுக்கும் முன்னால் "காலஞ்சென்ற". மேலே இருப்பவர் அப்பா, கீழே இருப்பவர் பிள்ளை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எந்த ஊரு குடும்பமுங்க? இவ்ளோ பேரு செத்திருக்காங்களே!" என்று துக்கம் விசாரித்தார்கள்.

ஆவணி பிறந்ததும் அந்தப் பேராசிரியை போன் செய்தார். பக்கத்து மனையையும் வாங்குகிறாராம், வியாழக்கிழமை பதிவுக்கு வருகிறாராம். ரைட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேடம் வந்து பாக்கட்டும். இது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா, அன்னிக்கே போர்டைக் கழட்டிர்றன். அதுக்கப்புறம் ஒரு வம்சாவளி எழுத மாட்டன்."

டீ மாஸ்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படித்தான் ஒரு தடவை ஏதோ பந்தயத்தில் தோற்று, இனி டீ குடிப்பதில்லை என்று சொல்லி, இரண்டு மாதம் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். சொன்னால் செய்துவிடுகிற மனிதர். தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாத கடையை நினைத்துப் பார்த்தேன். நினைக்கவே பிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் அவருடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, என் பேப்பர் கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

திங்கட்கிழமை தீர்த்தகிரி, மாதேசன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகப்பிரிவினைக்கு வந்தார்கள். கையில் பழைய பத்திரம் ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்ட போட்டோ ஒன்று. போட்டோவில் மீசை வைத்த ஒருவர் விறைப்பாக நின்றிருந்தார். சட்டம் முழுக்கச் சந்தனம்.

"இவருதாங்க எங்க தாத்தா பெரிய மாது. வருசா வருசம் படையல்ல மொத இலை இவருக்குத்தான்" என்றார் மூத்தவர் தீர்த்தகிரி.

ரைட்டர் எந்தக் காகிதத்தையும் பின்பக்கம் பார்க்காமல் விடமாட்டார். சட்டத்தைப் பிரித்துப் போட்டோவைத் திருப்பினார். பென்சிலில் "சின்ன மாது, பட்டாளம்" என்றிருந்தது. பழைய பத்திரத்தை எடுத்து வாசித்தார்: "என் தம்பி சின்ன மாது கல்யாணமாகாமல் வாரிசின்றி இறந்துவிட்டபடியால்..." கீழே பெரிய மாதுவின் கைநாட்டு.

"இவரு உங்க தாத்தா இல்லைங்க. தாத்தாவோட தம்பி" என்றார் ரைட்டர்.

"அப்ப எங்க தாத்தா எங்கங்க?"

"அவரு இங்கியே ஏர் ஓட்டிக்கிட்டு இருந்தாரு. அவரை யாரு போட்டோ புடிச்சா? தம்பி பட்டாளத்துக்குப் போனாரு, அங்க புடிச்சிருக்காங்க. கெடைச்ச போட்டோவைத் தாத்தான்னு மாட்டிட்டீங்க."

இளையவர் மாதேசனுக்கு அழுகையே வந்துவிட்டது. "எனக்கு இவரு மூக்குன்னு எங்கம்மா சொல்லுமேங்க!"

"தம்பி மூக்கும் அந்த வூட்டு மூக்குதானுங்களே. மூக்கு சரிங்க, கோடுதான் தப்பு."

"இப்ப இவரை எறக்கிர்றதுங்களா?"

"எதுக்கு எறக்கறீங்க? சின்னத் தாத்தாவா இருந்துட்டுப் போவட்டும். பக்கத்துல இன்னொரு இலை சேத்துப் போடுங்க. போட்டோ இல்லைன்னா தாத்தா இல்லைன்னு ஆயிருமா?"

எனக்கும் அப்பாவின் போட்டோ கிடையாது. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். அந்த வார்த்தையைக் கேட்டதும் மிஷினைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அண்ணன் தம்பி போய்விட்டார்கள். டீ மாஸ்டர் கொண்டு வந்த வடை ஆறிக் கிடந்தது. வடையைத் தொடாத ரைட்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தால், சுவரையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. கல்லுல கெடைச்சவங்களை எல்லாம் அப்பன்னு மேல ஏத்திட்டன். என்னா ஆதாரம் இருக்குது? சேத்துல விழுந்தது, படம் பதிஞ்சுது. அவ்ளோதானே! அது சின்ன மாதுவா இருந்தா?"

மூன்று நாள் ராட்சசன் மாதிரி வேலை செய்தார். மேலே வீற்றிருந்த காலஞ்சென்றவர்கள் அத்தனை பேரையும் இறக்கி, பக்கவாட்டில் கிளை பிரித்து உட்கார வைத்தார். ஒவ்வொருவர் பக்கத்திலும் "வாரிசு இருப்பதாகத் தெரியவில்லை" என்று எழுதினார். கிளை பிரிகிற இடத்தில் எல்லாம் ஒரு காலிக் கட்டம் போட்டார்.

வியாழக்கிழமை பேராசிரியை வந்தார். பதிவு முடிந்து ரைட்டர் அறைக்கு வந்து, விரல் மையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தவர், சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். தட்டியைச் சுற்றி என் பக்கம் வந்து, மிஷின் மேல் கையூன்றிப் படித்தார். "காலஞ்சென்ற" என்ற இடத்தில் ஒரு தடவை சிரித்தார். ரைட்டர் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"இவங்களை எல்லாம் ஏன் பக்கத்துல தள்ளி வச்சிருக்கீங்க?"

"அப்பன்னு சொல்ல ஆதாரம் இல்லைங்க மேடம். சின்னத் தாத்தாவா இருக்கலாமுங்க."

"இதைப் புரிய வைக்க எனக்குக் காலேஜ்ல ஒரு செமஸ்டர் ஆவுது" என்றார் அவர். "சரி, இந்தக் கட்டமெல்லாம் ஏன் காலியா இருக்கு?"

"அவங்கதானுங்க நெஜமான தாத்தா. போட்டோ எடுத்துக்கலை."

பேராசிரியை சிரித்த சிரிப்பில் டீ மாஸ்டர் பால் பாத்திரத்தோடு ஓடி வந்தார். எனக்கும் மூச்சு வந்தது. அப்புறம்தான் அவர் விரல் ஆறாவது தாளில் ஓர் இடத்தில் போய் நின்றது.

"இவர் மட்டும் இந்த வீடு இல்லைங்க. இன்னொரு கிளை தள்ளி வரணும். இது தப்பு."

சொல்லிவிட்டார். ரைட்டர் அந்தச் சிவப்புக் கட்டத்தையே பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"ஏம்மா, அதை எடு."

"ஸ்க்ரூ டிரைவர் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க சார்" என்றேன்.

"ஸ்க்ரூ டிரைவர் எதுக்கும்மா? செவப்புப் பேனாவை எடு."

அந்தப் பெயரை அடித்தார். ஒரு கிளை தள்ளி எழுதினார். கடைசித் தாளின் அடியில் "அடித்தல் திருத்தல் 1" என்று போட்டு, பேனாவைப் பேராசிரியையிடம் நீட்டினார்.

"பக்கத்துல கையெழுத்துப் போடுங்க மேடம். கையெழுத்து ஆன திருத்தம் தப்புல சேராதுங்க. இது எங்க சட்டம்."

அவர் போட்டார். டீ மாஸ்டரும் நானும் சாட்சி போட்டோம். எட்டுத் தாளுக்கு முன்னால் ரைட்டரை நிற்க வைத்து, என் போனில் ஒரு போட்டோ எடுத்தேன். அவரும் அந்தச் சின்ன மாது மாதிரியே விறைப்பாக நின்றார்.

போன வருஷம் பென்னாகரத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். அங்கே காவிரி பக்கம், "பார்ட்டிங்க ஜாஸ்திம்மா" என்று போனில் குதிக்கிறார். அந்தப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். கடையில் இருக்கிற ஒரே போட்டோ அதுதான்.

ஜெராக்ஸுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "உங்க அப்பாருங்களா?" என்று கேட்கிறார்கள். போட்டோ இருப்பதாலேயே ஒருவர் அப்பா ஆகிவிட மாட்டார் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவருக்கும் எனக்கும் நடுவே எந்த வம்சாவளியிலும் ஒரு கோடு கிடையாது. ஆனாலும் "ஆமாங்க" என்று சொல்லிவிடுகிறேன். தப்புதான். இதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.