மெயின் சுவிட்சும் என் மானமும்

என் மச்சினன் ரத்னவேல் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. போன தீபாவளிக்கு நான் எடுத்த முடிவு இது. முடிவெடுப்பதில் நான் சிங்கம்.

அவன் லைசென்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியன். ஒரே மல்ட்டி பிளக்கில் ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் நான் குடிவைத்திருந்ததைப் பார்த்து, பத்துப் பேர் நடுவில், "அத்தான், இந்த அடுக்குமாடி புளோக்கையே கொளுத்தப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டான். மானம் போனது. பேச்சும் நின்றது.

இந்த ஞாயிறு, தீபாவளிக்காக என் மனைவி வைதேகி வாசல் பக்கம் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷமாவது தம்பியச் சாப்பிடக் கூப்பிடுங்க."

"நானா? என் வாயால? நடக்காது!"

மின்விசிறி நின்றது. டிவியும் அணைந்தது. முக்காலி போட்டு ஏறி, வாசல் கதவுக்கு மேலே மூடி திறந்து கிடந்த மின்சாரப் பெட்டியில் விழுந்திருந்த மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டேன். கரண்ட் வந்தது.

"பாத்தியா? இதுக்கு எலக்ட்ரீஷியன் எதுக்கு லா?"

சோபாவில் சாய்ந்தேன். மறுபடி போனது. தூக்கிவிட்டுக் குளிக்கப் போனேன். தலை நிறைய ஷாம்புவோடு நிற்கையில் ஹீட்டர் நின்று, பச்சைத் தண்ணீர் கொட்டியது. அலறிவிட்டேன். நாலாவது தடவை எனக்கு வெறியே வந்துவிட்டது. ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். வைதேகி பிடுங்கிக்கொண்டாள்.

"கரண்ட்டுல கைய வைக்காதீங்க. எனக்கு நீங்க வேணும்."

"அப்ப வேற ஆளக் கூப்பிடு!"

"கூப்பிட்டுப் பாருங்களேன்."

மூன்று பேரைக் கூப்பிட்டேன். மூன்று பேரும் தீபாவளி கழித்துத்தான் வருவார்களாம். மூன்றாவது ஆளிடம் நான் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது தடவையும் போனது. ஏர்கான் இல்லை. வேர்வை ஊற்றியது. சிங்கம் போனை எடுத்தது.

"தம்பி ரத்னவேல்... கொஞ்சம் வந்து பாருப்பா. தீபாவளிக்கும் சாப்பிட வந்துடு."

செம்பவாங் வீட்டிலிருந்து பறந்து வந்தான். ஒரு மணி நேரம் மீட்டரும் கையுமாக வீட்டையே அலசினான். என் மல்ட்டி பிளக்கைக் குப்பையில் போட்டான்.

"ஒரு கோளாறும் இல்ல அத்தான்" என்றவன், வைதேகியிடம் திரும்பினான். "அக்கா, பெட்டியில இருக்கிற டெஸ்ட் பட்டன மாசம் ஒரு தடவ அழுத்திப் பாக்கச் சொன்னேனே. அழுத்தினதும் கரண்ட் போனாத்தான் வீடு சேஃப். பாக்குறியா?"

வைதேகி ஒட்டடைக் கம்பைக் கதவோரம் சாத்தினாள்.

"இன்னிக்கு மட்டும் அஞ்சு தடவ பாத்துட்டேன்டா. ரொம்ப நல்லா வேலை செய்யுது."