ஜடை சார்

“தலைய ஆட்டாத ஞானம்!” ரப்பர் பேண்டை வாயில் கடித்துக்கொண்டே கத்தினார் தேவானந்தம்.

“நான் எங்கங்க ஆட்டறன்? நீங்க இழுக்கற இழுப்புல கழுத்தே கையோட வந்துடும் போலகீது.”

அவர் மனைவி ஞானசௌந்தரி முந்தாநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். சித்தூரிலிருந்து பஸ் ஏறி, எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குப் போய், பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆறு வாரம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டு அவளுக்கு, தண்டனை தனக்கு என்பது தேவானந்தத்தின் கட்சி.

அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். முப்பது வருஷமாகக் காலை ஆறு மணிக்கு டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஓய்வுக்குப் பிறகு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புவார். இப்போது அந்த நேரத்தை ஒரு ஜடை விழுங்கிக்கொண்டிருந்தது. இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. கொடுத்த கடவுளாவது கொஞ்சம் அளந்து கொடுத்திருக்கக் கூடாதா?

உச்சியிலிருந்து இழுத்ததில் சீப்பின் நாலு பல் போயிற்று. சிக்கு எடுக்க அரை பாட்டில் எண்ணெயைக் கவிழ்த்ததில் ரவிக்கை, பாய், அவருடைய வெள்ளைச் சட்டை மூன்றும் போயிற்று. போனில் வீடியோ பார்த்துப் பின்னலாமென்று எடுத்தால், எண்ணெய்க் கையிலிருந்து வழுக்கிய போன் நேராகத் தண்ணீர் வாளிக்குள் குதித்தது.

எதிர்வீட்டு ரூபா பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். அவளைக் கூப்பிட்டார். வந்து ஒரு பார்வை பார்த்தாள்.

“தோள் வரைக்கும் வெட்டிட்டா வேல முடிஞ்சிது சார்.”

ஞானசௌந்தரி இடது கையால் முடியை முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தேவானந்தத்துக்குச் சுர்ரென்று வந்தது. “வெட்டறதுக்கா உன்ன கூப்டேன்? எத்தன வருஷமா வளத்த முடி தெரியுமா? நீ போம்மா, நானே பாத்துக்கறேன்!”

வாய் விட்டாயிற்று. ஜன்னல் கம்பியில் மூன்று நைலான் கயிற்றைக் கட்டி, பின்னிப் பின்னிப் பழகினார். அந்த நேரம் பார்த்துத்தானா டீக்கடைக் கூட்டாளி ரங்கையா தெருவில் போக வேண்டும்?

“சார், ஜட சால பாகுந்தி!” என்று தெலுங்கில் ஜடையைப் புகழ்ந்து கைதட்டிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து டீக்கடைக்கே அவர் ‘ஜடை சார்’ ஆகிவிட்டார். ஞாயிறு ஆராதனையில் பின் பெஞ்சுப் பெண்கள் பிரசங்கத்தை விட்டுவிட்டு அந்தக் கோணல் ஜடையையே பார்த்தார்கள். கட்டு பிரிகிறவரை டீக்கடைப் பக்கம் தலைகாட்டுவதில்லை என்று முடிவு செய்தார்.

அதனால் காலை டீயும் வீட்டிலேயே என்றாயிற்று. அவரே போட்டார். அவள் முன்னால் உட்கார, அவர் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பின்னினார். பின்னும்போது சும்மா இருக்க முடிகிறதா? பேச வேண்டியிருந்தது. அவள் காதுக்குப் பின்னால் இருந்த தழும்பு, சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்ததில் வந்ததாம். காலையில் தனியாக டீ குடிப்பது அவளுக்கு எப்போதுமே பிடிக்காதாம்.

“இதெல்லாம் முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?”

“எப்ப சொல்றது? நீங்க எழுந்ததுமே செருப்பத்தான தேடுவீங்க.”

அதற்கும் அவருக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அன்றைக்குச் சிக்கை மெதுவாக எடுத்தார்.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை புத்தூர் போனார்கள். பச்சிலை வாசனை ஆகாதென்று அவர் எதிர்க்கடையில் டீ குடிப்பார். அவள் மட்டும் உள்ளே போய்ப் புதுக்கட்டோடு வருவாள்.

ஆறாவது வாரம், “இன்னும் கூடலையாம்” என்றாள். எட்டாவது வாரமும் அதே பதில்.

“இது எலும்பா, கவர்மெண்ட் ஃபைலா? எல்லாம் ஏமாத்து வேல!” என்று திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் பொரிந்து தள்ளினார்.

பத்தாவது வாரம் அவள் வழக்கம்போல, “நீங்க போய் டீ குடிச்சிக்கினு இருங்க” என்றாள்.

“இன்னிக்கி டீயும் வேணாம், மண்ணும் வேணாம்! உள்ள வந்து நானே கேக்கறேன்.”

“வேணாங்க, உள்ள ஒரே கூட்டம்...”

அவர் கேட்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்தார். கட்டுப் போடும் சின்னப்பன் முன்னால் போய் நின்று, வகுப்பறைக் குரலை எடுத்தார்.

“முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவன்யா நான். ஆறு வாரம்னா ஆறு வாரம்! பத்து வாரமா கூடாத எலும்பு ஊர் உலகத்துல உண்டா? என் பொண்டாட்டி கைய வெச்சி வெளாடிக்கினு இருக்கியா?”

சின்னப்பன் ஞானசௌந்தரியைப் பார்த்தான். அவள் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எலும்பு ஆறாவது வாரமே கூடிடுச்சி சார்,” என்றான் சின்னப்பன். “ரெண்டு வாட்டியும் கட்டப் பிரிச்சதும் அம்மா ரெண்டு கையாலயும் ஜடைய அழகா பின்னிக்கினாங்க. அப்பறம் அத அவுத்து, நீங்க பின்றாப்லயே கோணலா போட்டுக்கினு, ‘சீக்கிரம் கட்டுப்பா, டீ குடிக்கப் போனவரு வந்துடப் போறாரு’ன்னாங்க.”